மச்சமில்லாத வீட்டில் தனிச் சமையல்: எதில் தொடங்கலாம்?

புதுச்சட்டி எழுதியது:

வணக்கம். ஊர் மட்டக்களப்பு, வேலை மாற்றம் திருக்கோவிலுக்கு. கோயிலுக்குக் கிட்டவாக ஓர் அறையும் சின்னக் குசினியும் வாடகைக்குக் கிடைத்திருக்கின்றன. வீட்டுக்கார அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். வளவுக்குள் மச்சம் வரக்கூடாது. மீன், இறைச்சி, கருவாடு, முட்டை எதுவுமே. வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால் கேட்கமாட்டாராம்.

கடைச்சோறு அலுத்துவிட்டது, காசும் கரைகிறது. இதுவரை நான் குசினிக்குள் போனது சாப்பாடு போட்டு எடுக்க மட்டும்தான். கையில் இருப்பவை ஒற்றை அடுப்பு, 5 கிலோ காஸ் சிலிண்டர், சின்ன ரைஸ் குக்கர், ஒரு தாச்சி, ஓர் அலுமினியச் சட்டி. பிரிட்ஜ் இல்லை. வீடியோ பார்த்தால் ஒரு கறிக்கே கடை கடையாக ஏறி இறங்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு வேண்டியது மூன்று நாலு வகை. அவற்றை மாற்றி மாற்றி ஆக்கிக் கிழமையை ஓட்ட வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

படுவான்கரை அக்கா எழுதியது:

தம்பி, முதலில் சோறு. கறி சரிவராத நாளிலும் நல்ல சோறு இருந்தால் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம்.

ஒரே வகை அரிசியை வாங்குங்கள், கொஞ்ச நாளைக்கு மாற்ற வேண்டாம். புழுங்கல் சம்பா என்றால் ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர். சிவப்பு நாட்டரிசி என்றால் இன்னும் அரைப் பங்கு கூட்டுங்கள். ஒரு சுண்டு அரிசி உங்களுக்கு இரண்டு நேரத்துக்குக் காணும். கழுவும்போது மேலே மிதக்கும் உமியை ஊற்றிவிட்டு, அடியில் கல் தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மில்லில் கல் நீக்கின அரிசி என்று பையில் அச்சடித்திருந்தாலும் பாருங்கள். குக்கர் பொத்தான் விழுந்ததும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள், அடியில் இருக்கிற ஈரம் மேலே ஏறிச் சோறு உதிரும்.

ஒன்று கவனம். மாசி, பங்குனியில் பெரும்போகம் வெட்டின கையோடு சந்தைக்கு வரும் புது அரிசி தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். பழைய அளவிலேயே ஊற்றினால் களியாகிவிடும். உங்கள் கையில் பிழை இல்லை, அரிசி புதுசு.

மறுகா பருப்பு. மைசூர்ப் பருப்புத்தான் தொடக்கக்காரருக்குத் தெய்வம். ஊற வைக்கத் தேவையில்லை, இருபது நிமிடத்துக்குள் அவிந்துவிடும். அரைக் கோப்பைப் பருப்பை தண்ணீர் தெளியும்வரை கழுவி, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீர், மஞ்சள் ஒரு சிட்டிகை, பாதி வெங்காயம், பச்சை மிளகாய் இரண்டு, உள்ளி இரண்டு பல்லு போட்டு அடுப்பில் வையுங்கள். மூடியை இறுக்கி மூடினால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும், சரித்து வையுங்கள். மேலே வரும் நுரையை அகப்பையால் எடுத்துவிடுங்கள். ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்து மாவாகினால் உப்பைப் போட்டு, கட்டித் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை விட்டு, ஒரு கொதி வரும்போது இறக்குங்கள். தாச்சியில் எண்ணெய், கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் கறி ஆயிற்று. சாமான் கூடிப்போயிற்று என்று நினைத்தால் தாளிதத்தை விடுங்கள், மற்றதில் கை வைக்க வேண்டாம்.

அக்கரையூரான் எழுதியது:

அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் தனி ஆளுக்குத் தேங்காய் உடைக்கச் சொல்வது நியாயமில்லை. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மிச்சப் பாதித் தேங்காயை என்ன செய்வது? தேங்காய்ப்பால் மா பக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்றினால் கட்டி தட்டாது. மாவை நேரே சட்டியில் தட்டாதீர்கள்.

சோயா மீட்டும் பக்கத்தில் இருக்கட்டும். சுடுதண்ணீரில் ஊற வைத்து, நன்றாகப் பிழிந்து, வெங்காயத்தோடு பிரட்டினால் பத்து நிமிடத்துச் சாமான். ஆனால் உங்கள் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை: பக்கெட்டில் கோழி, இறால், கணவாய் என்றெல்லாம் சுவைத்தூள் வரும். சுவை எதுவும் சேராத வெறும் சோயாவைப் பார்த்து வாங்குங்கள். கணவாய் வாசம் குசினி ஜன்னலால் போனால், அது சோயாதான் என்று அந்த அம்மாவுக்கு நிரூபிக்க உங்களுக்கு ஒரு வழக்கறிஞர் தேவைப்படும்.

பழஞ்சோறு எழுதியது:

அக்கரையூரான் அண்ணன், தேங்காய் விளையும் கரையோரத்தில் இருந்துகொண்டு பால் மாவா? உங்களைக் கல்லடிப் பாலத்துக்கு அங்கால விடக்கூடாது.

தம்பி, திருவலை ஒன்று வாங்குங்கள். மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றுகிற வகை இருக்கிறது, குந்தியிருந்து துருவ வேண்டியதில்லை. தேங்காயை உடைத்தால் கண் இருக்கிற பாதியை முதலில் துருவுங்கள், அதுதான் சீக்கிரம் பழுதாகும். மற்றப் பாதி அடுத்த நாள் காலைச் சம்பலுக்கு. பாதித் தேங்காய்ப்பூவுக்கு அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழிந்தால் முதற்பால். அதே பூவில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால். இரண்டையும் வேறு வேறு பாத்திரத்தில் வையுங்கள். கறி சமைக்கிற சூட்சுமம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

சம்பல் என்றதும் இன்னொன்று. கடையில் விற்கும் சீனிச்சம்பலிலும் கட்டைச்சம்பலிலும் பெரும்பாலும் மாசிக்கருவாடு கிடக்கும். போத்தலில் ஒட்டியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள். அதைவிட வீட்டில் தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து இடித்துத் தேசிக்காய் பிழிவது எவ்வளவோ மேல்.

புதுச்சட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சோறும் பருப்பும் ஆக்கிப் பார்த்தேன், சாப்பிடும்படி இருந்தது. திருவலையா பக்கெட்டா என்று நீங்கள் முடிவு செய்யும்வரை பக்கெட்டோடு போகிறேன்.

இப்போது கேள்வி. சொதி, பால்கறி, குழம்பு என்று அம்மா தொலைபேசியில் சொல்லும்போது மூன்றும் ஒரே மாதிரிக் கேட்கிறது. எல்லாவற்றிலும் வெங்காயம், எல்லாவற்றிலும் பால். தனித்தனியாகப் பழக வேண்டுமா? பால் பிரிந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், அது எப்போது நடக்கும்?

மாமாங்கத்து மருமகள் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் தம்பி. தனித்தனியாகப் பழகவே தேவையில்லை. கலியாணம் முடித்து வந்த புதிதில் என் மாமி எனக்குச் சொல்லித் தந்தது ஒரே ஒரு சட்டிதான், மற்றதெல்லாம் அதன் கிளை.

பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள், மலிவு, எந்தச் சந்தையிலும் கீற்றாக வெட்டித் தருவார்கள். தோலோடு பெரிய துண்டாக வெட்டுங்கள். சட்டியில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், கால் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் கூடினால் கறி கசக்கும், அதில் மட்டும் கை நீள வேண்டாம். பூசணித் துண்டுகளை அடுக்கி, அவை மூழ்கியும் மூழ்காமலும் இருக்கிற அளவுக்கு இரண்டாம் பாலை ஊற்றி, மூடி, நடுத்தர நெருப்பில் வையுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் திறந்து ஈர்க்கால் குத்திப் பாருங்கள். தோல் பக்கம் தடையில்லாமல் இறங்கினால் அவிந்துவிட்டது. உப்பைப் போடுங்கள். இப்போது நெருப்பை நன்றாகக் குறைத்து முதற்பாலை ஊற்றி, மூடாமல், அகப்பையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். சட்டி ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்து நடுவை நோக்கி நகரும். நடு கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அடுப்பை நூருங்கள். பால் பிரிவது அந்த நடுக் கொதிக்கு அப்பால்தான். பிரிந்தாலும் நஞ்சில்லை, எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகத் தெரியும், அவ்வளவுதான். தேசிக்காய் விடுவதானால் இறக்கி வைத்துச் சூடு கொஞ்சம் ஆறின பிறகு.

இது பால்கறி. காயைக் குறைத்து இரண்டாம் பாலைக் கூட்டினால் சொதி. முதற்பாலைக் குறைத்து, கறித்தூள் ஒரு மேசைக்கரண்டியும் பழப்புளிக் கரைசலும் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்தால் குழம்பு. இனிக் காயை மட்டும் மாற்றுங்கள். வாழைக்காய் என்றால் நேரம் கொஞ்சம் கூட. முருங்கைக்காய்க்குக் கால் மணித்தியாலம். பயற்றங்காய் பத்து நிமிடம். வெண்டிக்காயைக் கழுவித் துடைத்த பிறகு வெட்டி, எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் போடுங்கள், வழுவழுப்பு அடங்கும். கத்தரிக்காயை வெட்ட வெட்ட உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது.

புதுச்சட்டி எழுதியது:

அக்கா, இதைக் கையால் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

நல்லூரான் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குழம்புக்குக் கடைக் கறித்தூள் போட்டால் அது குழம்பா? மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்த தூள் வேண்டும். தம்பி, உமக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கிலோ தூள் அனுப்பிவிடட்டுமா?

படுவான்கரை அக்கா எழுதியது:

அனுப்புங்கள் அண்ணை, ஆனால் இந்தப் பிள்ளைக்கு இல்லை, எனக்கு. உங்கள் தூளின் உறைப்புக்கு அவர் முதல் கிழமையே கடைச்சோற்றுக்குத் திரும்பிவிடுவார். தொடக்கத்தில் தூளே இல்லாத கறிதான் நல்லது, எது கூடியது எது குறைந்தது என்று நாக்குக்குத் தெரியும்.

தம்பிலுவில் ஆச்சிபேரன் எழுதியது:

நம்ம ஊருக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறீர்கள், அதனால் கள நிலவரம் சொல்கிறேன். வீட்டிலிருந்து மீன் ஆக்கின மண்சட்டியை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். எத்தனை தரம் தேய்த்தாலும் மண்சட்டி வாசத்தை விடாது, அந்த அம்மா அடுப்பில் வைத்த உடனேயே கண்டுபிடிப்பார். புதுச்சட்டி வாங்கி, ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கஞ்சித் தண்ணீரைச் சட்டி நிறைய விட்டுச் சின்ன நெருப்பில் கொதிக்கவிட்டுப் பழக்குங்கள். நேரே பெரிய நெருப்பில் வைத்தால் வெடிக்கும். (உங்கள் பெயரே புதுச்சட்டி, சொல்லவா வேண்டும்.)

ஆடி மாதத்துக்கும் இப்போதே தயாராகுங்கள். சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் கொடியேறினால் ஆடி அமாவாசைத் தீர்த்தம்வரை இங்கே மீன் ஆக்குகிற வீடுகளும் மரக்கறிதான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊர்களிலும் அப்படித்தான். அந்த நாட்களில் மரக்கறி விலை ஏறும், பின்நேரம் போனால் சந்தையில் வாடின பயற்றங்காய்தான் மிஞ்சும். காலையில் போங்கள்.

வெள்ளைக் கோட்டு எழுதியது:

எல்லோரும் ருசியைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, சோறும் சொதியும் மட்டும் என்று ஒரு மாதம் இழுத்தால் பின்நேரமாகக் கால் தளரும். ஒவ்வொரு நாளும் ஒரு பருப்பு வகைச் சாமான் இருக்க வேண்டும்: பருப்பு, பயறு, கௌப்பி, கடலை, எதுவானாலும் சரி. கடலையையும் கௌப்பியையும் படுக்கும் முன் தண்ணீரில் போட்டுவிட்டால் காலையில் காஸ் பாதிதான் எரியும். அவித்துத் தேங்காய்ப்பூவும் சம்பலும் வைத்தால் அதுவே காலைச் சாப்பாடு, பாணைத் தேடி ஓட வேண்டியதில்லை.

மீனும் முட்டையும் விட்டவருக்கு விற்றமின் பி12 கிடைக்கும் வழி பாலும் தயிரும்தான், இலைகுழையில் அது இல்லை. நமக்கு எருமைத் தயிர் மண்சட்டியில் தெருவோரத்திலேயே கிடைக்கிறது, அதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வெளியே மீன் சாப்பிடுகிறவர் என்றால் இந்தக் கவலை குறைவு.

கீரையை மறக்காதீர்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, கங்குன், வல்லாரை எல்லாவற்றுக்கும் ஒரே வழி. வெட்டுவதற்கு முன் மூன்று தண்ணீரில் அலசுங்கள், வெட்டின பிறகு கழுவாதீர்கள். வறை என்றால் தாச்சியில் வெங்காயம், மிளகாய் வதக்கிக் கீரையைப் போட்டு, சுருங்கினதும் உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு இரண்டு பிரட்டு. சுருங்கும் முன் உப்புப் போட்டால் கீரை மலைபோலத் தெரிகிறதே என்று அள்ளிப் போட்டுவிடுவீர்கள், பிறகு வாயில் வைக்க முடியாது. இறக்கித் தேசிக்காய் விடுங்கள், புளி சேர்ந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கோவாவையும் இதே மாதிரிச் செய்யலாம், ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும்.

புதுச்சட்டி எழுதியது:

பூசணி, வாழைக்காய், முருங்கையிலை வறை மூன்றும் இப்போது கைக்கு வந்துவிட்டன. வீட்டுக்கார அம்மா நேற்று எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இன்றைக்குத் தோட்டத்து மரவள்ளிக் கிழங்கு இரண்டு கொண்டுவந்து தந்திருக்கிறார். அதோடு இஞ்சி சேர்க்கக் கூடாது, நஞ்சு என்றார். உண்மையா? இரவு வைத்த சொதி காலையில் ஒரு மாதிரிப் புளிப்பு வாசம் வருவதும் ஏன்?

மாமாங்கத்து மருமகள் எழுதியது:

ஒன்றும் சொல்லாமல் போய்விட்டு மறுகா கிழங்கு கொண்டுவந்து தந்தாரா? அப்படியென்றால் பாஸ்.

இஞ்சிக் கதை எங்கள் பக்கத்திலும் உண்டு. மரவள்ளி சாப்பிட்ட அன்றைக்கு இஞ்சிப் பிளேன்ரீகூடத் தரமாட்டார்கள். பெரியவர் சொன்னதைக் கேட்டு இஞ்சியைத் தள்ளி வைப்பதில் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

வெள்ளைக் கோட்டு எழுதியது:

இஞ்சிக் கதை கிடக்கட்டும், கிழங்கிலேயே விஷயம் இருக்கிறது. மரவள்ளியில் சயனைட்டாக மாறக்கூடிய பொருள் இயற்கையாகவே உண்டு. கசப்பு வகையில் கூட, நாம் சாப்பிடும் வகையில் குறைவு. அதனால் மேல்தோலையும் அடியில் இருக்கும் தடித்த தோலையும் சேர்த்து உரியுங்கள். சின்னத் துண்டாக வெட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள், பிறகு நிறையப் புதுத் தண்ணீர் விட்டு, மூடாமல் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். நீல நிறக் கோடு ஓடிய கிழங்கும் கடித்தால் கசக்கிற கிழங்கும் குப்பைக்கு. பச்சையாகச் சாப்பிடவே கூடாது. அவித்ததைச் சம்பலோடு சாப்பிடுங்கள், கறியாக்க வேண்டும் என்றில்லை.

சொதி புளிப்பதற்குக் காரணம் நமது வெக்கை. தேங்காய்ப்பால் விட்டது எதுவும் இரவு முழுக்க வெளியே தாங்காது. வாசம் மாறினதைத் திரும்பக் கொதிக்க வைத்துச் சாப்பிட வேண்டாம், ஊற்றுங்கள். சோற்றையும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த நாள் சூடாக்குவது நல்ல பழக்கமில்லை, சோற்றில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு சூட்டுக்கு அழியாது. அளவாக ஆக்கப் பழகுங்கள்.

பழஞ்சோறு எழுதியது:

சோற்றைப் பற்றி இப்படிச் சொன்னால் என் பெயருக்கு என்ன மரியாதை? இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைந்து சாப்பிட்டு வயல் வேலை செய்தவர்கள் எங்கள் அப்பப்பா காலத்தவர்கள்.

வெள்ளைக் கோட்டு எழுதியது:

சோறு ஆறின கையோடு தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்டார்கள், சட்டியில் சும்மா கிடந்ததைச் சூடாக்கவில்லை. இரண்டும் வேறு. ஆனாலும் உங்கள் பெயரை மாற்றச் சொல்லமாட்டேன்.

அக்கரையூரான் எழுதியது:

காஸ் மிச்சம் பிடிக்க ஒரு வழி. ரைஸ் குக்கரோடு வந்த ஆவித்தட்டு இருந்தால், சோறு அவியும்போதே பூசணியையோ பயற்றங்காயையோ மேலே வைத்துவிடுங்கள். காய் பாதி அவிந்து வரும், கறி ஐந்து நிமிடத்தில் முடியும். 2022-இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் பழகினது, இன்னும் விடவில்லை. அடுத்தது, பழஞ்சோறு கவனிக்கவும்: நானும் ஒரு திருவலை வாங்கிவிட்டேன். பால் மாவைக் கைவிட்டேன் என்று அர்த்தமில்லை.

புதுச்சட்டி எழுதியது:

கடைசியாக ஒன்று. பகல் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன். அலுவலகத்தில் பன்னிரண்டரைக்குத்தான் சாப்பிடலாம், சூடாக்க வழியில்லை. இரவு ஆக்கினதைக் கொண்டு போகலாமா?

படுவான்கரை அக்கா எழுதியது:

இரவு ஆக்கினது வேண்டாம் தம்பி. இரவில் வெங்காயத்தை உரித்துக் காயை வெட்டி மூடி வையுங்கள், காலையில் குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு முகம் கழுவி வந்தால் மிச்சம் அரை மணித்தியால வேலைதான். பெட்டிக்குப் பால் விட்ட கறி எதுவும் வேண்டாம். பருப்பைத் தண்ணீர் வற்றக் கட்டியாக அவித்துத் தாளியுங்கள், ஒரு வறை, பாவற்காயோ வாழைக்காயோ பொரித்தது கொஞ்சம். சோறு ஆவி போன பிறகு மூடுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்துப் பழுதாகும். சொதி கட்டவே வேண்டாம். பஸ்ஸில் கசிந்தால் பக்கத்தில் இருக்கிறவரின் வேட்டிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

புதுச்சட்டி எழுதியது:

பாவற்காய் எப்படிப் பொரிப்பது என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே.

மாமாங்கத்து மருமகள் எழுதியது:

மெல்லிய வட்டமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பத்து நிமிடம் வைத்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், தாச்சியை நிரப்பாதீர்கள், இரண்டு தரமாகப் போடுங்கள். பழுப்பு நிறம் வரும் முன்னமே எடுங்கள், எடுத்த பிறகும் கொஞ்சம் கறுக்கும்.